நூலகத்திற்கு ஏற்ற ஸ்லைடு மென்பொருள் எது?

(நூலக மன்றத்தின் சார்பில், பத்தாம் வகுப்பு மாணவி)

சென்ற ஆண்டு தேசிய நூலக வாரத்தின்போது, அதாவது நவம்பர் 14 முதல் 20 வரையிலான அந்த ஏழு நாட்களுள் ஒரு நாள், நம் பள்ளி மண்டபத்தில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியைப் பெரும்பாலோர் மறந்திருப்பீர்கள். நாங்கள் மறக்கவில்லை. ஏனெனில் அன்று ஏற்பட்ட தலைகுனிவு எங்களுடையது.

"எங்கள் நூலகம்" என்ற தலைப்பில் இருபத்து நான்கு ஸ்லைடுகள் தயாரித்திருந்தோம். ஒரு மாத காலம் மாலை வேளைகளெல்லாம் அதற்கே போயின. எங்களில் ஒருத்தியின் வீட்டில் அவளுடைய சித்தப்பா வைத்திருந்த பழைய கணிப்பொறியில், அவர் சொல்லிக் கொடுத்தபடி, பாமினி என்ற எழுத்துருவில் தட்டச்சு செய்தோம். அங்கே பார்த்தபோது எல்லாம் அழகாகத்தான் இருந்தன. பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்து மண்டபத்துக் கணிப்பொறியில் செருகினோம். சிஸ்டர் விளக்குகளை அணைக்கச் சொன்னார்கள். திரையில் முதல் ஸ்லைடு விழுந்தது. 'தமிழ்' என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் அவற்றின் பின்னால் ஓர் அரைப்புள்ளியும் நின்றன. அடுத்த ஸ்லைடும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. ஆறாம் வகுப்புத் தங்கைகள் சிரித்துவிட்டார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை, நாங்களாக இருந்தாலும் சிரித்திருப்போம்.

அன்று பெற்றோரும் வந்திருந்தனர். எங்களில் ஒருத்தியின் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை செய்பவர். மகள் எழுதியதைத் திரையில் பார்க்க வேண்டும் என்று அரை ஷிப்ட் விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தார். அரை ஷிப்ட் போனால் அதற்கான கூலியும் போகும் என்பதை இவ்வூரார்க்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். ஆங்கிலம் தெரியாது, தமிழை எழுத்துக் கூட்டாமல் சரளமாகப் படிப்பார். அவர் திரையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "ஏங்கண்ணு, தமிழ்ல எழுதியிருக்கறதாத்தானே சொன்னே?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தமக்குத்தான் படிக்கத் தெரியவில்லையோ என்ற ஐயத்தோடு கேட்டார். அதுதான் எங்களைச் சுட்டது.

இவ்வாண்டு நூலகப் பொறுப்பிலுள்ள சிஸ்டர் எங்களை அழைத்து, "போன தடவை மாதிரி ஆகக் கூடாது. எந்த மென்பொருளில் செய்வது என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். ஆனால் காரணத்தோடு சொல்ல வேண்டும்" என்றார்கள். நூலக நிதியில் ஒரு சிறு தொகை இருந்தது. அதைக் கொண்டு விலை கொடுத்து வாங்கும் மென்பொருள் ஒன்றுக்குச் சந்தா கட்டலாம். அல்லது திருப்பூர்ப் புத்தகத் திருவிழாவில் புத்தகங்கள் வாங்கலாம். இரண்டுக்கும் போதாது. ஆகவே இது வெறும் கணிப்பொறிச் சங்கதி அன்று, அலமாரியில் எத்தனை புத்தகம் கூடும் என்கிற சங்கதியும்கூட.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நம்மைப் போன்ற பள்ளி நூலகத்திற்கு லிப்ரே ஆபீஸ் தொகுப்பிலுள்ள இம்ப்ரெஸ் என்ற மென்பொருளே ஏற்றது. நிதியிலுள்ள தொகை புத்தகத்திற்கே போக வேண்டும். இம்முடிவுக்கு நாங்கள் எளிதில் வந்துவிடவில்லை. எங்களுக்குள் இரண்டு கட்சிகள் இருந்தன. ஒரு வாரம் சிலர் சிலரோடு பேசவும் இல்லை.

முதலில், அந்த ஜே கே பி ஓ எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொள்ள விரும்பினோம். ஒரு காலத்தில் கணிப்பொறிக்குத் தமிழ் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. ஆகவே நம் முன்னோடிகள் ஒரு தந்திரம் செய்தார்கள். ஆங்கில எழுத்துகளுக்கு ஒதுக்கப்பட்ட இடங்களில் தமிழ் எழுத்துகளின் உருவங்களை வரைந்து வைத்தார்கள். பாமினியில் ஜே இருக்கும் இடத்தில் 'த' இருக்கும். கே இருக்கும் இடத்தில் 'ம' இருக்கும். அந்த எழுத்துரு உள்ள கணிப்பொறியில் நம் கண்ணுக்குத் தமிழ் தெரியும். இல்லாத கணிப்பொறியில் மேலே பூசிய சாயம் போய், உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்து வெளியே வந்துவிடும். அந்த முன்னோடிகளை நாங்கள் குறை கூறவில்லை. அவர்கள் அன்று அதைச் செய்திராவிட்டால் எத்தனையோ பத்திரிகைகளும் புத்தகங்களும் கணிப்பொறியில் அச்சுக் கோக்கப்பட்டிருக்கமாட்டா. ஆயினும் அந்தக் காலம் கடந்துவிட்டது. யூனிகோட் என்னும் உலகப் பொதுக் குறியீட்டில் 1991ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. அதில் 'த' என்பதற்குத் தனி எண் உண்டு. யூனிகோட் எழுத்துரு எதை மாற்றினாலும் அது 'த' ஆகவே இருக்கும். தமிழ்நாடு அரசும் 2010ஆம் ஆண்டில் யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணை பிறப்பித்தது. நாங்கள் பள்ளிக்கு வருமுன்பே தீர்ந்துபோன சிக்கலில்தான் நாங்கள் போய் விழுந்தோம்!

பழைய இருபத்து நான்கு ஸ்லைடுகளும் வீணாகவில்லை. என்.எச்.எம். கன்வெர்ட்டர் என்ற இலவச மென்பொருள் பாமினியை யூனிகோடாக மாற்றித் தந்தது. சிஸ்டர் பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியில் பயின்றவர்கள். நாங்களோ ஆங்கில ஒலிப்பில் தட்டுகிறவர்கள். என்.எச்.எம். ரைட்டர் என்ற மற்றொன்றில் இரண்டு முறையும் உண்டு. தமிழ்99 முறையும் உண்டு. சிஸ்டர் எங்களைவிட வேகமாக அடிக்கிறார்கள் என்பதை இங்கே பதிவு செய்கிறோம்.

இதில் ஸ்லைடு மென்பொருளின் தவறு எதுவுமில்லை, எழுத்துருவின் தவறுதான் என்று நீங்கள் கூறலாம். உண்மைதான். எனினும் அந்தத் தவறு எங்களுக்கு ஒரு கேள்வியைக் கற்றுத் தந்தது. செய்கிற இடத்தில் எப்படி இருக்கிறது என்று பார்த்தோமே தவிர, காட்டுகிற இடத்தில் எப்படி இருக்கும் என்று நாங்கள் பார்க்கவில்லை. திருப்பூரில் பிறந்து வளர்ந்த பெண்கள் இப்படிச் செய்திருக்கக் கூடாது. ஆர்டர் வந்தவுடன் எந்தக் கம்பெனியிலும் ஆயிரக்கணக்கில் தைத்துத் தள்ளிவிடுவதில்லை. முதலில் சாம்பிள் தைப்பார்கள். பின்னல் துணி துவைத்தால் சுருங்கும் என்பதால் துவைத்துப் பார்த்து அளவெடுப்பார்கள். சாயம் ஒட்டுகிறதா என்று பார்ப்பார்கள். அதன் பிறகுதான் கட்டிங் மாஸ்டர் கத்தியை எடுப்பார். நாங்களோ துவைத்துப் பார்க்காத துணியை ஷிப்மென்டுக்கு அனுப்பிவிட்டோம்.

எனவே இம்முறை சாம்பிள் போட்டோம். ஆறே ஆறு ஸ்லைடுகள். கௌ, ஸ்ரீ, தூ போன்ற வம்பு பிடித்த எழுத்துகள் வரும்படி வாக்கியங்களை எழுதினோம். வீட்டில் இந்தியும் ஒடியாவும் பேசும் தங்கைகள் இன்று நம்மோடு படிக்கிறார்கள் அல்லவா? அவர்களுள் இருவரைக் கொண்டு ஆளுக்கொரு வரி எழுதச் செய்தோம். அவர்கள் முகத்தில் கண்ட மகிழ்ச்சிக்காகவே அந்த இரண்டு வரிகளையும் எந்த மென்பொருளில் செய்தாலும் எடுக்கக் கூடாது என்று முடிவு செய்தோம். அதே ஆறு ஸ்லைடுகளைப் பவர்பாயின்ட், கூகுள் ஸ்லைட்ஸ், கான்வா, இம்ப்ரெஸ் ஆகிய நான்கிலும் செய்தோம். நூலகத்திலுள்ள பழைய கணிப்பொறி, ஆசிரியர் அறை மடிக்கணினி, மண்டபத்துக் கணிப்பொறி, மேலே சொன்ன அம்மாவின் கைப்பேசி ஆகிய நான்கு இடங்களிலும் திறந்து பார்த்தோம்.

பவர்பாயின்டைக் குறை கூற எங்களால் இயலவில்லை. நான்கில் மிகவும் நயமானது அதுவே. 1987ஆம் ஆண்டில் மெக்கின்டாஷ் கணிப்பொறிக்காக வெளிவந்தது. அதை உருவாக்கிய ஃபோர்தாட் என்ற சிறு நிறுவனத்தை அதே ஆண்டில் மைக்ரோசாப்ட் 1 கோடியே 40 இலட்சம் டாலருக்கு வாங்கியது. இத்தனை ஆண்டுகள் பழகிய கைக்குரிய லாவகம் அதில் தெரிகிறது. ஆசிரியர் அறை மடிக்கணினியில் உரிமம் இருந்ததால் அதில் செய்தோம். நூலகக் கணிப்பொறியில் உரிமம் கிடையாது. அங்கே கொண்டுபோய் வேறொன்றில் திறந்தபோது, அந்த எழுத்துரு அங்கே இல்லாததால் வேறு எழுத்துரு வந்து உட்கார்ந்தது. வரிகள் கட்டத்தை விட்டு வழிந்தன. பணம் கட்டாமல் இணையத்தில் பயன்படுத்தும் பதிப்பும் அதற்கு உண்டு. அதற்குக் கணக்கு வேண்டும், இணையமும் வேண்டும்.

'உரிமம் எதற்கு? எங்கள் தெருக் கடையில் போட்டுத் தருவார்கள்' என்று எங்களில் ஒருத்தி வெகுளியாகக் கூறினாள். பலருடைய வீட்டில் அப்படித்தான் இருக்கிறது என்பது எங்களுக்கும் தெரியும். ஆயினும் மறைக்கல்வி வகுப்பில் பத்துக் கட்டளைகளை ஒப்பித்துவிட்டு, அடுத்த பாடவேளையில் திருட்டுப் பிரதியில் உட்கார்ந்து ஸ்லைடு செய்வது எப்படிப் பொருந்தும்? அதுவும் நூலகத்தில்! பிறருடைய உழைப்பைப் பிறருடையது என்று எழுதிவைப்பதுதானே நூலகத்தின் வேலையே.

கூகுள் ஸ்லைட்ஸ் எங்களை மிகவும் கவர்ந்தது. நான்கு பேர் நான்கு இடத்திலிருந்து ஒரே கோப்பில் எழுதலாம். ஒருத்தி எழுதும்போதே மற்றொருத்தி திருத்துவது ஒரு விளையாட்டுப் போலவே இருந்தது. ஆனால் அந்தக் கோப்பு யாருடைய கணக்கில் இருக்கிறது? எங்களில் ஒருத்தியின் சொந்தக் கணக்கில் இருந்தது. அவள் பத்தாம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்குப் போனால் கோப்பும் அவளோடு போய்விடும். நூலகத்தின் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று திருப்பித் தராதவளுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? மேலும், நாங்கள் பதினைந்து வயதினர். 2023ஆம் ஆண்டில் நம் நாட்டில் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிறையாதவரைக் குழந்தை என்றே கொண்டு, அவர்களைப் பற்றிய விவரங்களைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்கிறது. ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி நூலக ஸ்லைடில் நான்கு வரி எழுதுவதற்காக அவள் பெற்றோரின் இசைவைக் கேட்டு ஒரு கணக்குத் தொடங்க வேண்டுமா? பள்ளியே கணக்குகள் ஏற்படுத்தி ஒழுங்காக நடத்தும் இடங்களில் இந்தக் குறை இராது. நம்மிடம் இன்று அந்த ஏற்பாடு இல்லை. மண்டபத்தில் இணையத்தின் நிலையை நாங்கள் எழுத வேண்டுமா? ஆண்டு விழா ஒத்திகையில் அனைவரும் அறிந்ததே.

கான்வாவைப் பற்றி எழுதும்போது எங்களுக்கே வெட்கமாக இருக்கிறது. அவ்வளவு அழகு! பூங்கொடிகள் என்ன, புத்தகம் படிக்கும் பூனைகள் என்ன! பள்ளிகளுக்கு இலவசப் பதிப்பும் உண்டு. மூன்று மாலைகள் பொருத்தமான பூனையைத் தேடுவதிலேயே கழிந்தன. ஒரு வரிகூட எழுதவில்லை. நாங்கள் ஆசைப்பட்டுத் தேர்ந்த வளைந்த எழுத்துருவில் ஆங்கிலம் வளைந்து வந்தது. தமிழ் மட்டும் சாதாரண எழுத்தில் தனியே நின்றது. கல்யாண வீட்டில் பள்ளிச் சீருடையோடு போய் நின்றதுபோல இருந்தது.

இம்ப்ரெஸ் முதலில் யாருக்கும் பிடிக்கவில்லை. நூலகக் கணிப்பொறியில் திறப்பதற்கே நேரம் எடுத்துக்கொண்டது. அதிலுள்ள அலங்கார வார்ப்புகள் சுமாரானவை. ஒரு முறை பாதி வேலையில் நின்றே போயிற்று. நல்லவேளையாக மீண்டும் திறந்தபோது, விட்ட இடத்துக்குச் சற்று முன்பிருந்து எல்லாவற்றையும் மீட்டுக் கொடுத்தது. ஆனால் கணக்கு கேட்கவில்லை, இணையம் கேட்கவில்லை, பணம் கேட்கவில்லை. விண்டோஸிலும் ஓடுகிறது, லினக்ஸிலும் ஓடுகிறது. பட்டியல்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளவும் வழியுண்டு. எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பொதிந்து வைக்கலாம்; பவர்பாயின்டிலும் இந்த வசதி உண்டு என்பதைப் பின்னால்தான் அறிந்தோம். நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற இலவச யூனிகோட் எழுத்துருவைப் பொதிந்து வைத்து எடுத்துச் சென்றபோது மண்டபத்தில் ஒரு புள்ளி கூடப் பிசகவில்லை. அதையே பி.டி.எஃப். ஆகவும் மாற்றி அம்மாவின் கைப்பேசிக்கு அனுப்பினோம். அங்கும் இந்தி வரி இந்தியாகவும் ஒடியா வரி ஒடியாவாகவும் நின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, இம்ப்ரெஸை எத்தனை பென்டிரைவில் வேண்டுமானாலும் படியெடுத்து எத்தனை வீட்டுக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம்; அதன் உரிமமே அதற்கு இடம் தருகிறது. புத்தகம் இரவல் கொடுக்கும் இடத்திற்கு இதைவிடப் பொருத்தமான மென்பொருள் உண்டோ?

எதிர்க்கட்சியின் வாதத்தையும் நேர்மையாகக் கூற வேண்டும். எங்களில் ஒருத்தியின் அண்ணன் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் மெர்சன்டைசராக இருக்கிறார். "பையருக்கு அனுப்புவதெல்லாம் பவர்பாயின்ட்தான். நாளைக்கு வேலைக்குப் போனால் அதைத்தான் கேட்பார்கள். இம்ப்ரெஸைக் கற்றுக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று அவர் கேட்டாராம். இவ்வூரில் படிக்கும் பெண்களுக்கு இது சிறிய கேள்வி அன்று. பலருக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தவுடன் வேலை என்பதே வீட்டின் கணக்கு. நாங்கள் இதைப் பற்றி நெடுநேரம் பேசினோம். சிங்கர் மெஷினில் தைக்கப் பழகியவளுக்கு வேறு கம்பெனியின் மெஷினைக் கொடுத்தால் ஒரு நாள் தடுமாறுவாள்; மறுநாள் தைப்பாள். ஸ்லைடும் அப்படித்தான் என்பது எங்கள் எண்ணம். இடம் மாறிய பட்டன்களைத் தேட ஒரு நாள் ஆகும். எதை முதலில் சொல்வது, எதை விடுவது என்று தீர்மானிக்கும் பழக்கம் எந்த மென்பொருளோடும் வருவதில்லை.

இன்னொரு செய்தியும் எங்களுக்குத் துணை நின்றது. 2018ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் புதிய பாடத்திட்டம் வந்தபோது பதினோராம் வகுப்புக் கணினித் தொழில்நுட்பப் பாடநூலில் சேர்க்கப்பட்டது ஓப்பன் ஆபீஸ் இம்ப்ரெஸ்தான். அண்ணன் கூறிய வேலைக்குப் போகும் முன்பு பாடநூலே அந்த வழியைக் காட்டிற்று. லிப்ரே ஆபீஸும் ஓப்பன் ஆபீஸும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். 2010ஆம் ஆண்டில் தன்னார்வலர்கள் பிரிந்து வந்து தொடங்கியதே லிப்ரே ஆபீஸ். அடுத்த மாநிலமாகிய கேரளத்தில் அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளுக்கு முன்பே கட்டற்ற மென்பொருளுக்கு மாறிவிட்டன. அங்குள்ள மாணவ மாணவியர் லினக்ஸ் கணிப்பொறியில் இம்ப்ரெஸைப் பாடமாகவே படிக்கிறார்கள். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் நம் வயதுப் பெண்கள் செய்வதை நம்மால் செய்ய முடியாதா?

நூலகம் என்பது இன்று காட்டுவதற்கு மட்டுமன்று, நாளைக்கு வைப்பதற்கும் உரியது. நம் நூலக அலமாரியின் அடித்தட்டில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதில் நாலைந்து ஃப்ளாப்பி வட்டுகள். நமக்கு முன்னே படித்த அக்காமார்கள் புத்தகப் பட்டியலைப் பாடுபட்டுத் தட்டச்சு செய்து அதில் சேமித்தார்களாம். மேலே அழகான கையெழுத்தில் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறது. திறப்பதற்கு நம்மிடம் கருவியில்லை; திறந்தாலும் எந்த மென்பொருளில் செய்தது என்று தெரிந்தவர் இல்லை. அதே அலமாரியில் அதற்கு முந்தைய காலத்துக் கையெழுத்துப் பதிவேடு இருக்கிறது. நீல மை சற்று வெளுத்திருக்கிறதே தவிர ஒவ்வொரு வரியும் படிக்க முடிகிறது. இம்ப்ரெஸ் சேமிக்கும் ஓ.டி.பி. என்ற வடிவம் அனைவருக்கும் பொதுவானது. 2006ஆம் ஆண்டில் உலகத் தர நிறுவனமே அதை ஏற்றுக்கொண்டது. எப்படி எழுதப்படுகிறது என்ற விதி வெளிப்படையாக இருப்பதால், இம்ப்ரெஸ் மறைந்தாலும் வேறொருவர் அதைத் திறக்க ஒரு கருவி செய்ய முடியும். நமக்குப் பின்னே வரும் தங்கைகள் எங்கள் தகரப் பெட்டியைப் பார்த்துப் பெருமூச்சு விடக் கூடாது.

மென்பொருளைத் தேர்ந்த பிறகு எங்கள் பழைய ஸ்லைடுகளை மறுபடி பார்த்தோம். எழுத்து சரியாக வந்திருந்தாலும் அந்த நிகழ்ச்சி வெற்றி பெற்றிருக்காது என்பது அப்போதுதான் விளங்கிற்று. ஒவ்வொன்றிலும் பத்து வரி, பன்னிரண்டு வரி. அவை ஸ்லைடுகள் அல்ல, சுவரில் ஒட்டிய புத்தகப் பக்கங்கள். ஸ்லைடின் அளவுகளையும் வரி இடைவெளிகளையும் பெரும்பாலும் ஆங்கிலத்தை மனத்தில் கொண்டே வகுத்திருக்கிறார்கள். நம் சொற்கள் நீளமானவை; 'பயன்படுத்திக்கொள்ளலாம்' என்று எழுதினால் பாதித் திரை போய்விடும். மேலே ஒரு கொம்பு, கீழே ஒரு சுழி என்று நம் எழுத்துக்கு மேலும் கீழும் இடம் வேண்டும். அதை மறந்து வரிகளை நெருக்கினால் 'கூ'வின் வால் அடுத்த வரியின் 'கி'யை இடிக்கும். ஒரு ஸ்லைடுக்கு நான்கு வரிக்கு மேல் கூடாது என்று நாங்களே ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம்.

எழுத்து நெருக்கம் என்பது சிறு விஷயமாகத் தோன்றலாம். 2003ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் கொலம்பியா விண்வெளி ஓடம் சிதறி, நம் நாட்டில் பிறந்த கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேர் உயிரிழந்ததை அனைவரும் அறிவர். அதன் காரணத்தை ஆராய்ந்த குழு தன் அறிக்கையில், ஓடம் விண்ணில் இருந்தபோதே பொறியாளர்கள் மேலதிகாரிகளுக்குக் காட்டிய ஒரு ஸ்லைடைப் பற்றித் தனியே எழுதியது. எட்வர்டு டஃப்டி என்ற அறிஞர் அதை வரி வரியாக ஆராய்ந்தார். ஓடத்தின் இறக்கையைத் தாக்கிய நுரைப் பொருளின் துண்டு, அதுவரை சோதித்துப் பார்த்த எதையும்விட மிகப் பெரியது என்பதே முதன்மையான செய்தி. அது ஸ்லைடின் அடியில், சிறிய எழுத்தில், உட்புள்ளிகளுக்கும் உள்ளே கிடந்தது. தலைப்போ ஆறுதலாக இருந்தது. ஸ்லைடு ஒன்றே விபத்திற்குக் காரணம் என்று யாரும் கூறவில்லை. இருப்பினும் அன்றிலிருந்து ஒரு ஸ்லைடைச் செய்யும்போதெல்லாம், 'முக்கியமானது எங்கே கிடக்கிறது?' என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறோம்.

நூலகத்தில் முக்கியமானது புத்தகம் இருக்கும் இடம். சீர்காழியில் 1892ஆம் ஆண்டில் பிறந்து, 1924ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகி, 1931ஆம் ஆண்டில் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வெளியிட்ட எஸ்.ஆர்.ரங்கநாதன் அவர்கள், படிக்க வருபவரின் நேரத்தை மிச்சப்படுத்துவதை அவ்விதிகளுள் ஒன்றாகவே வைத்தார். எங்கள் பழைய முதல் எட்டு ஸ்லைடுகள் நூலகத்தின் பெருமையைப் பேசின. கதைப் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று ஓரிடத்திலும் இல்லை! புதியதில் முதல் ஸ்லைடிலேயே நம் நூலகத்தின் வரைபடம் இருக்கிறது. இரண்டாவதில் 894.811 என்ற எண் மட்டும் பெரிதாக இருக்கிறது. டூயி பகுப்பு முறையில் தமிழ் இலக்கியத்தின் எண் அது. அந்த எண்ணைத் தேடிக்கொண்டு போனால் சன்னலோரத்து மூன்றாம் அலமாரியில் போய் நிற்பீர்கள். இருபத்து நான்கு ஸ்லைடுகள் ஏழாகக் குறைந்துவிட்டன. நீக்கியதில் எங்களுக்கு மனவருத்தம் உண்டு. குறிப்பாக அந்தப் பூனை.

எங்கள் முடிவை எழுதி சிஸ்டரிடம் கொடுத்தோம். அவர்கள் படித்துவிட்டு, "அண்ணன் சொன்னதும் சரிதானே?" என்று கேட்டார்கள். ஆம், சரிதான் என்றோம். ஆசிரியர் அறை மடிக்கணினியில் உரிமத்தோடு பவர்பாயின்ட் இருப்பதால், விரும்பும் மாணவியர் சனிக்கிழமை அதில் பழகலாம் என்று ஏற்பாடாயிற்று. நூலக வேலைகள் மட்டும் இம்ப்ரெஸில். நிதித் தொகையில் வாங்க வேண்டிய புத்தகங்களின் பட்டியல் நூலக வாசலில் தொங்குகிறது. இந்தியும் ஒடியாவும் வேண்டும் என்று இரண்டு சிறு கையெழுத்துகள் அதில் இருக்கின்றன.

இவ்வாண்டு நூலக வாரத்திற்கான ஏழு ஸ்லைடுகளையும் மண்டபத்துக் கணிப்பொறியில் இரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டோம். சென்ற ஆண்டு அரை ஷிப்ட் இழந்து வந்த அம்மாவிடம் மறுபடி வருவீர்களா என்று கேட்டதற்கு, "சாயங்காலம் ஆறரைக்கு மேல வெச்சா லீவு போடாம வந்துருவேன் கண்ணு. எங்க டேபிள்ல இன்னும் நாலு பேரு வர்றாங்களாம்" என்றார். ஆகவே நிகழ்ச்சியை மாலை ஆறரை மணிக்கு மேல் வைக்க அனுமதி கோரி மதர் அவர்களிடம் விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். இரவானால் மாணவியர் வீடு திரும்புவது எப்படி என்று மதர் கேட்டிருக்கிறார்கள். எந்தெந்தத் தெருவுக்கு எந்த அம்மாவோடு யார் யார் போவது என்ற பட்டியலை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறோம்.